துக்கத்துக்கு நின்ற வரிசை

கி-தே நாற்காலி மேல் ஏறி நின்று என் மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கீழே நான் கரண்டியும் கையுமாகக் காத்திருந்தேன்.

“அண்ணே, அது எனக்குத்தானே? இல்ல போனுக்கா?”

“ஒரு நிமிஷம் பொறுடா. ஆவி பறக்கறது தெரியணும்.”

“அது பறந்து பத்து நிமிஷம் ஆச்சு. இனிமே பறந்தா அது என் ஆவிதான்.”

கண்ணாடி ஜன்னல் பக்கம் மாவு தேய்த்துக்கொண்டிருந்த சுன்-ஓக் அண்ணி களுக்கென்று சிரித்தார். தென்கொரியாவின் இந்தத் தேஜோன் நகரச் சந்தைத் தெருவில் என் நகைச்சுவைக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். என் சலவைக் கடை அவர்கள் நூடுல்ஸ் கடைக்கு அடுத்த கதவு. அவர் மாவைத் தேய்த்து, மடித்து, கத்தியால் அரிகிற தாளம் சுவரைத் தாண்டிக் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் எனக்குக் கடிகாரம்.

தெருமுனையில் ஒரு பெரிய நிறுவனத்தின் நூடுல்ஸ் கடை வந்தது. அங்கே ரோபோ தட்டு ஏந்தி வந்து வணக்கம் சொல்லும். அது வந்ததிலிருந்து கி-தே கடையின் எட்டு மேசைகளில் ஐந்து சும்மா கிடந்தன. வருகிற மார்கழிக் குளிருக்குள் நிலைமை மாறாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

அதனால்தான் அவர் நாற்காலி மேல் ஏறினார். சந்தைச் சங்கம் நடத்திய இலவச வகுப்பில், சமூக வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் எழுபத்தோரு பேர். அறுபத்தொன்பது பேர் சொந்தக்காரர்கள், ஒரு ஆள் நான், இன்னொன்று பூசானில் மெத்தை விற்கிற கம்பெனி. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. இஸ்திரி போட்ட சட்டைகளைப் படம் எடுத்துப் போடுவேன். என்னைப் பின்தொடர்ந்தவர்கள் ஒன்பது பேர். ஆகவே நான் அவரைக் கேலி செய்யவில்லை, அண்ணாந்து பார்த்தேன்.

“வகுப்புல அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? சூப்பைக் காட்டாதீங்க, கதையைக் காட்டுங்கன்னுச்சு” என்றார் கி-தே. “எங்கிட்ட என்னடா கதை இருக்கு? காலைல மாவு, சாயங்காலம் பாத்திரம்.”

கதை செப்டம்பரில் வந்தது.

அண்ணியின் தம்பி யங்-சொக் லாரி ஓட்டுகிறவர். நெடுஞ்சாலையில் விடிகாலையில் விபத்து. அண்ணிக்கு அம்மா இல்லை. அந்தத் தம்பியை முதுகில் கட்டிச் சுமந்து வளர்த்தவர் அவர். மூன்று நாள் சாவு மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு பரிமாறினார். நான்காம் நாள் காலை, துக்கத்துக்கான வெள்ளை ரிப்பன் ஊசி தலையில் இருக்க, கடைக்கு வந்து மாவைத் தேய்க்க ஆரம்பித்தார். வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். தேய்க்கத் தேய்க்கக் கண்ணீர் மூக்கு நுனியில் திரண்டது. மாவில் விழாமல் தோள்பட்டையால் துடைத்துக்கொண்டார். தாளம் தவறவில்லை.

கி-தே அதைப் பின்னாலிருந்து இருபது விநாடி எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே அப்போது தெரியாது. பிறகு என்னிடம் சொன்னார். மனம் கனத்தால் சிலர் சிகரெட்டைத் தேடுகிறார்கள், இவர் கை போனைத் தேடியது. கீழே ஒரு வரி எழுதினார்: “நேற்றுத் தம்பியை எரித்துவிட்டு வந்தாள். இன்றும் மாவைத் தன் கையால்தான் தேய்க்கிறாள்.”

மறுநாளைக்குள் நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

ஒரு கடைமேல் இரக்கமோ மரியாதையோ வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். “இந்தக் கடையைக் காசால அடிச்சு வெளுக்கணும்” என்று எழுதுவார்கள். எழுதியபடி கூட்டமாக வந்து வாங்கித் தீர்ப்பார்கள். மூன்றாம் நாள் வரிசை என் கடை வாசலைத் தாண்டி மீன்காரம்மா கடை வரை நின்றது. சியோலிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் இதில் உள்ள கஷ்டம். பின்னால் திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை.

வீடியோ விஷயம் அண்ணிக்கு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு பெண் கையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தைத் திணித்து, “சித்தி, நானும் சேர்ந்து அழுதேன். ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள்.

அண்ணி கணவரைத் திரும்பிப் பார்த்தார். கி-தே கல்லாவைப் பார்த்தார்.

“கடை பொழச்சுக்கிச்சு இல்ல?” என்று கேட்டார் அண்ணி, அன்று பாத்திரம் கழுவும்போது.

“பொழச்சுக்கிச்சும்மா. உன் தம்பி போற போக்குல நமக்கு ஒரு வழி காட்டிட்டுப் போயிருக்கான்.”

அண்ணி அடுத்த பாத்திரத்தை எடுத்துக் கழுவினார். இந்த மாதிரி வார்த்தையை ஒரு மனிதன் நல்ல மனதோடு சொல்லிவிட முடியும் என்பதுதான் பயங்கரம்.

வாரங்கள் போயின. தினமும் நூற்றைம்பது பேர் ஜன்னலுக்கு வெளியே நின்று அண்ணியைப் பார்த்தார்கள். பாதிப் பேர் போனைத் தூக்கினார்கள். முதலில் குனிந்துகொண்டார். பிறகு குனிவதையும் விட்டுவிட்டார். கி-தே தினம் ஒரு வீடியோ போட்டார். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, ரிப்பன் தெரியட்டும்” என்பது “உப்பு எடு” என்பது போலச் சாதாரணப் பேச்சாகிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தாளம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அதில் ஆள் இல்லை. யந்திரம் மாதிரி சரியாக இருந்தது.

அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் ஒரு நாள் போனேன். சலவையை விட்டால் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

“அண்ணி, ஒருத்தர் மக கல்யாணத்துக்குப் போட்டுக்க கோட்டு கொண்டாந்து குடுத்தாரு. நான் தண்ணியில நனைச்சுச் சுருக்கிட்டேன்.”

“அய்யோ. அப்புறம்?”

“ஒண்ணும் ஆகல. இப்ப மாப்பிள்ளைக்கு அளவாயிருக்கு. அவரு போட்டுக்கிட்டாரு.”

அண்ணி சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு, பல் தெரிய. வரிசையில் நின்ற ஒரு பையனின் போன் மேலே போனது.

சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு ஊரைச் சுற்றியது. “துக்கக் கடைச் சித்தி ஜாலியாகத்தான் இருக்கிறார்.” “நாம் அழுததெல்லாம் வீணா?” “நடிப்புக்கு நூடுல்ஸா?” என்று அடியில் எழுதினார்கள்.

கி-தே வியர்த்துப்போய் என் கடைக்கு வந்தார். “டேய், கடையில ஆளுங்க இருக்கறப்ப அவகிட்ட ஜோக் அடிக்காதடா. உன் கால்ல விழறேன்.” பிறகு தன் கடைக்குப் போய் மனைவியிடம் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. “ஜனங்க இருக்கறப்ப மட்டும் சிரிக்காம இரும்மா. உன் தம்பியோட நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடியறவரைக்குந்தான்.”

“சரிங்க” என்றார் அண்ணி.

சண்டை போட்டிருக்கலாம். உருட்டுக்கட்டையை எறிந்திருக்கலாம். அந்தச் “சரிங்க” என்னைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் மறுநாள் அவர்கள் போட்ட வீடியோவுக்கு நான் இதயம் போட்டேன். பக்கத்துக் கடைக்காரன் போடாவிட்டால் நன்றாகவா இருக்கும்? என் யோக்கியதை அவ்வளவுதான்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு மலையடிவாரப் பௌத்தக் கோயிலில் நடந்தது. நானும் போயிருந்தேன். துறவி மந்திரம் ஓதி முடித்ததும் எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். இறந்தவரின் உடுப்பை எரித்து வழியனுப்புகிற நேரம் அது. யங்-சொக் லாரி ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் நீலச் சட்டையை அண்ணி தன் கையால் நெருப்பில் வைத்தார். அவர் தம்பி மனைவி அலறிக்கொண்டு தரையில் விழுந்தாள். என்னைப் போன்ற கோமாளிக்கே கண் நிறைந்துவிட்டது.

அண்ணி நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. பேருந்துக்கு நிற்பவரைப் போல நின்றார்.

கி-தேயின் கை, யோசனைக்கு முன்னாலேயே, போனைத் தூக்கியது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். பழகிய கை.

அண்ணி அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, ரிப்பன் தெரியும்படி பாதி திரும்பி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“இப்பிடி நிக்கட்டுங்களா? வெளிச்சம் போதுமா?”

கி-தேயின் கை அந்தரத்திலேயே நின்றது.

“சொல்லுங்க. சட்டை எரிஞ்சு முடியறதுக்குள்ள எடுத்துக்குங்க.”

“சுன்-ஓக்” என்றார் அவர். பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

“எனக்கு அழுகை வரலைங்க” என்றார் அண்ணி, சமையல் குறிப்புச் சொல்கிற குரலில். “வரும்னுதான் இன்னைக்கு வந்தேன். தேடிப் பாத்தேன். இல்ல. தெனம் நூறு பேருக்கு எடுத்து எடுத்துக் குடுத்தாச்சு. என் தம்பிக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல.”

நெருப்பு சட்டைக் காலரைத் தொட்டது. கி-தே அந்த இடத்திலேயே முழங்காலிட்டு உட்கார்ந்து, முதல் வீடியோவைத் தேடி அழித்தார். பிறகு அடுத்ததை. நாற்பத்திரண்டு வீடியோக்கள். “உறுதியாக அழிக்கவா?” என்று போன் ஒவ்வொரு முறையும் கேட்டது. அவர் ஒவ்வொரு முறையும் “ஆமா, ஆமா” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாம்பலாகும் வரை சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் அழவில்லை.

எங்கள் ஊரில் தப்புச் செய்தவர்கள் கையால் மன்னிப்புக் கடிதம் எழுதிப் படம் எடுத்துப் போடுவது வழக்கம். கி-தேயும் எழுதினார். முதல் பிரதியில் “சூழ்நிலை காரணமாக” என்று ஒரு வரி இருந்தது. என்னிடம் படித்துக் காட்டினார். “அண்ணே, இது அரசியல்வாதி எழுதற மாதிரி இருக்கு” என்றேன். அதை அடித்துவிட்டார். மிஞ்சியது இதுதான்:

“என் மனைவியின் துக்கத்தை விற்றேன். அவளைக் கேட்கவில்லை. இனி நூடுல்ஸ் மட்டும் விற்பேன்.”

திட்டினார்கள், சிலர் பாராட்டினார்கள். இரண்டு வாரத்தில் வரிசை காணாமல் போனது. எட்டில் நான்கு மேசை நிரம்புகிறது. மார்கழி வரை தாங்குமா என்பது இன்னும் தெரியவில்லை. கி-தே இப்போதும் படம் போடுகிறார்: மாவு, கத்தி, கொதிக்கிற சட்டி, கடை திறக்கும் நேரம். விளம்பரம் செய்வது தப்பில்லையே. அண்ணி கடைக்கு வருவதை நிறுத்தி, வீட்டில் சும்மா இருக்கிறார். மாவை இப்போது கி-தே தேய்க்கிறார். தாளம் கண்றாவியாக இருக்கிறது.

நேற்று ஒருவர் அடியில் எழுதியிருந்தார்: “சித்தி இப்போது எப்படி இருக்கிறார்? கவலையாக இருக்கிறது. ஒரே ஒரு படம் போடுங்களேன்.”

கி-தே மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால், வெகு நேரம் பதில் தட்டினார்.

“உங்கள் கவலைக்கு நன்றி. கடையை ஊருக்குக் காட்டலாம், வீட்டு மனிதரின் கண்ணீரைக் காட்டக் கூடாது. காட்டக் காட்ட அது அவர்களுக்கு இல்லாமல் போய்விடும். நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். பசித்தால் வாங்க, பார்ப்பதற்கு வராதீங்க.”

நான் அதற்கு இதயம் போடப் போன விரலை எடுத்துக்கொண்டு, எழுந்து போய் அவர் கடையில் உட்கார்ந்தேன்.

“ஒரு கிண்ணம் போடுங்கண்ணே. பசிக்குது.”