ஒளுத் தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டு தடவை வேலை செய்யும். கிள்ளானில் அடிக்கடி குழாய் வறண்டுபோகிற தெருவில் இருப்பவர்களுக்கு இது பெருமை இல்லை, பிழைப்பு. ஒளு செய்வதற்கென்று என் வீட்டுக்காரர் ஹாசிம் பின்பக்கம் ஒரு குழாய் வைத்து, அதன்கீழ் சின்னத் தொட்டி கட்டி, தொட்டியிலிருந்து ஒரு பைப்பைச் சாய்த்து நீல டிரம்மில் விட்டிருக்கிறார். ஐந்து வேளைத் தொழுகைக்கு நாங்கள் முகம், கை, கால் கழுவுகிற தண்ணீர் அதில் சேர்ந்து கறிவேப்பிலைக்கும் வாசனைக்குப் போடுகிற பண்டான் இலைச் செடிக்கும் போகும். அந்தக் கறிவேப்பிலை இப்போது கூரையைத் தாண்டிவிட்டது.

பைப் போட்டது அவர் என்றாலும் டிரம்முக்கு எஜமானி நான். அது காலியாக இருக்கவே கூடாது என்பது என் சட்டம். குழாய் நின்றுபோனால் கக்கூசுக்கு ஊற்ற வேறு என்ன இருக்கிறது? அதே மாதிரி, மூன்று தடவைக்கு மேல் யாராவது முகம் கழுவினாலும் எனக்குப் பொறுக்காது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளு செய்தாலும் வீணாக்காதே என்று மார்க்கம் சொல்கிறது. நான் அதை வாய் ஓயாமல் சொல்கிறவள். "ஆரிஃபா, நீ மார்க்கத்துக்கே மாமியார்" என்பார் இவர்.

எங்கள் ஒரே மகன் அத்னான் கனடாவில், கால்கரியில் இருக்கிறான். இவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மீன் கம்பெனியின் குளிர் அறைகளில் இருபத்தாறு வருடம் பைப் வேலை பார்த்தவர். யாரிடமும் தலை குனியாத மனுஷர், மேனேஜரிடம் கெஞ்சி மகனுக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். மகன் ஐந்து நாள் போனான். ஆறாம் நாள் கம்பெனி கார்டை மேசைமேல் வைத்துவிட்டு, கனடாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்றான். முகத்தில் கரி பூசிவிட்டான் என்று இவர் அன்றைக்குச் சொன்னதுதான். அதற்கப்புறம் ஏழு வருடம் அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அவன் கூப்பிடுவான். அங்கே சனிக்கிழமை சாயங்காலம். இவர் முந்தின நாள் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவார். பேச மாட்டார், எழுந்தும் போக மாட்டார். சில நாள் பேப்பர் தலைகீழாக இருக்கும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

இந்த வருடம் மே மாதத்தில் மகன் ஒரு வீடு வாங்கினான். பின்னால் பாய் விரிக்கிற அளவுக்குத் தோட்டம். நம் வீட்டில் மாதிரி ஒளுத் தண்ணீரையும் துணி துவைக்கிற தண்ணீரையும் செடிக்கு விடப்போகிறேன் என்றான். பைப் எவ்வளவு சாய்வாக இருக்கணும், என்ன சோப்பு போடலாம், ஒரே கேள்வி. நான் போனைக் கையில் பிடித்தபடியே சுவரைப் பார்த்துக் கேள்வியைச் சொல்வேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வரும். துவைக்கிற தண்ணீரில் கறை வெளுக்கிற குளோரக்ஸ் கலக்கக் கூடாது. அடுப்படித் தண்ணீர் வேண்டாம், எண்ணெய் அடைக்கும். கட்டாயம் மூன்று வழி வால்வு ஒன்று வேண்டும், ஒரு பக்கம் தோட்டத்துக்கு, இன்னொரு பக்கம் சாக்கடைக்கு. வால்வு எதற்கு என்று நான் கேட்டேன். உனக்குப் புரியாது என்றார். அவன் ஊர்க் கோடைக்காலம் முழுக்க நான் தபால்காரியாக இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை.

ஜூலையில் புதினா வந்துவிட்டதென்று வீடியோவில் காட்டினான். அதற்கப்புறம்தான் எனக்கு அந்த நினைப்பு பிடித்துக்கொண்டது. அஸர் தொழுகைக்கு ஒளு செய்யும்போது என் கையிலிருந்து வடிகிற தண்ணீர் கறிவேப்பிலையோடு நிற்பதில்லை. வேருக்கும் கீழே இறங்கி, கிள்ளான் ஆற்றுக்கு அடியில் போய், கடலுக்கும் அடியில் நாள்கணக்காக நடந்து, குளிர்ந்து குளிர்ந்து, அவன் புதினாவின் காலடியில் மெதுவாக எட்டிப் பார்க்கிறது. நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. என் மனசில் அங்கே மண்ணெல்லாம் மாவு மாதிரி வெள்ளை, வானம் கைக்கு எட்டும், என் மகன் கைலி கட்டிக்கொண்டு நிற்கிறான். மத்தியானம் கண் அசந்திருக்கும்போது டிரம்மில் சொட்டுகிற சத்தம் கேட்டால், அங்கே அவன் கை கழுவியிருக்கிறான், அதுதான் இது என்று தோன்றும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவேன். ஒரு நாள் இதை இவரிடம் சொல்லிவிட்டேன். டிரம்முக்குப் போகிற பைப்பைப் பார்த்துவிட்டு, கடல் தாண்டிப் போக அந்தச் சாய்வு பத்தாது என்றார்.

செப்டம்பர் கடைசியில்தான் நான் தப்பு செய்தேன். முந்தின வாரம் மகன் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, பைப் கோணல், அவன் எதைத்தான் ஒழுங்காகச் செய்தான் என்று இவர் சொல்லிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. அந்த ஞாயிறு சுபுஹுக்கு இவர் பள்ளிவாசல் போயிருந்தபோது மகன் கூப்பிட்டு, குளிர் வரப்போகிறது, டிரம்மைக் காலி செய்துவிடவா, கேட்டுச் சொல்லுங்கள் என்றான். அவர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீம்பு விடவில்லை. இதற்குக்கூடவா அவரைக் கேட்க வேண்டும், டிரம் என்னுடைய சட்டமல்லவா? காலியாக மட்டும் விடாதே, எப்போதும் நிறைத்து வை என்றேன். சின்ன வயதிலிருந்து கேட்ட சட்டம். அவனும் சரி உம்மா என்று நிறைத்து வைத்தான்.

அக்டோபர் முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை போன் அடித்தது. நாள் தப்பி வருகிற போன் நல்லதுக்கு வராது. எடுத்தால் அவன் முகம் வெளுத்திருந்தது. ஐந்து நாள் குளிரில் டிரம் ஒரே கட்டியாக உறைந்து வெடித்துவிட்டது. பைப்பின் வாயும் அடைத்துக்கொண்டு, போக வழியில்லாத தண்ணீர் சுவருக்குள் பைப்பைப் பிளந்து வீட்டுக்குள் கொட்டுகிறது.

"உம்மா, வாப்பா இருக்காங்களா?"

ஏழு வருடத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. நான் பின்பக்கம் ஓடினேன். இவர் முகம் கழுவி, வலது கையும் கழுவியாகிவிட்டது. இடது கைச் சட்டை இன்னும் மடிக்கவில்லை. போனை அவர் முன்னால் நீட்டினேன். நனைந்த சுவரையும் அதன் முன்னால் நின்ற மகனையும் பார்த்தார். வாங்க மாட்டாரோ என்று எனக்கு உயிரே இல்லை. ஈரக் கையாலேயே வாங்கிக்கொண்டார்.

"மெஷின் ஓடுற சத்தம் கேக்குது. மொதல்ல அதை ஆஃப் பண்ணு."

துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருப்பதையே அவன் மறந்திருந்தான். ஓடிப்போய் நிறுத்தினான்.

"மூணு வழி வால்வு போட்டியா?"

"போட்டேன் வாப்பா."

"அதைச் சாக்கடைப் பக்கம் திருப்பு. மெதுவா. ஒடைச்சிடாதே லா."

கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்து வந்த தண்ணீர் சொட்டாகி நின்றது. அந்த வால்வு எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மே மாதமே அவன் ஊர்க் குளிரை நினைத்து வைத்திருக்கிறார் மனுஷர்.

"யாருடா டிரம்மை நிரப்பி வைக்கச் சொன்னது?"

மகன் திரையில் என்னைப் பார்த்தான். "யாரும் சொல்லல வாப்பா. நானாதான் வெச்சேன்."

இவ்வளவு நாள் கழித்துப் பேசுகிறவர்கள் நடுவில் எனக்காகச் சொன்ன பொய் ஒன்று கிடக்க வேண்டாம் என்று, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனிடம் சொன்னார்.

"ஒங்க உம்மாவுக்கு ஐஸுன்னா கிண்ணத்துல போட்டுத் தின்னுற ஐஸ் கச்சாங் மட்டும்தான்டா தெரியும். அவகிட்டப் போயிக் கேட்டிருக்கியே."

மகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தி, "ஒங்ககிட்ட கேக்க பயமா இருந்துச்சு வாப்பா" என்றான்.

இவர் போனை மறு கைக்கு மாற்றி, ஈரக் கையைக் கைலியில் துடைத்தார்.

"இனிமே என்னையே கேளு. சாய்வும் பத்தாது. ஐஸெல்லாம் உருகட்டும், நான் அங்க வந்து பாக்குறேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழாயைத் திறந்து முதலிலிருந்து ஒளுவைத் தொடங்கினார். கையைக் கழுவினார், வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார். மூன்று தடவை ஆயிற்று. நாலு, ஐந்து. குனிந்தபடியே மறுபடி மறுபடி முகத்தில் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. அதட்டுவதற்கு வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன். எட்டாவது தடவைக்கு மேல் எண்ணவில்லை. ஓடட்டும், எல்லாம் கறிவேப்பிலைக்குத்தானே போகிறது.