எட்டக் கூடாத அலை

அலைவரிசை ஒதுக்கும் அலுவலகத்தில் பொறியாளராக இருந்தவளுக்கு அன்று காலையிலிருந்தே ஒரே அவசரம். புதிதாகத் திறக்கப்போகும் அலைவரிசையை முழுவதுமாகக் கைபேசி நிறுவனங்களுக்கே கொடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. வீட்டுக்குள் வைஃபை, தெருவில் கைபேசி என்று இரண்டும் அதிலேயே குடித்தனம் நடத்தலாம் என ஒற்றைக்காலில் நின்றவள் அவள். மாலைக் கூட்டத்துக்குள் அதை நிரூபித்தாக வேண்டும்.

சோதனைக்கு அண்ணன் வீட்டைக் கேட்டு வாங்கியிருந்தாள். வைஃபை பெட்டியைக் கூடத்தின் நடுவில் தன் கையாலேயே வைத்துவிட்டு, கீழே அளவீட்டு வேனில் வந்து உட்கார்ந்தாள். திரையில் வைஃபை, கைபேசி அலையின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"குடித்தனம் நடத்தச் சொன்னா குடுமிப்பிடிச் சண்டை போடுதுங்களே மேடம்" என்றார் வேன் ஓட்டுநர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைத் தாண்டும்போது வைஃபை துவண்டுவிடும் என்பதுதான் அவள் கணக்கின் உயிர். இங்கே சுவரே இல்லாத மாதிரி அல்லவா இருக்கிறது? மேலே வீட்டிலிருந்த அண்ணியைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணி, பெட்டி வச்ச இடத்துலயே இருக்கா?"

"அதைவிட நல்ல இடத்துல இருக்கு. பால்கனி கம்பியில கட்டிட்டேன்."

"கம்பியிலயா?"

"பின்ன, கூடத்துல இருந்தா உன் வண்டிக்கு எப்படி எட்டும்? நம்ம வீட்டுப் பொண்ணு வேலை நல்லா வரணும்ல. உங்கண்ணன் டையால இறுக்கிக் கட்டியிருக்கேன், விழாது."

அவள் மாடிப்படிகளைத் தாவி ஏறினாள்.

"அண்ணி, எட்டவே கூடாது. எட்டலைன்னாதான் எனக்கு ஜெயம்."

"எட்டாம இருக்கறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று முணுமுணுத்தபடியே அண்ணி முடிச்சை அவிழ்த்தாள்.

பெட்டி கூடத்துக்குத் திரும்பியது. பால்கனிக் கதவும் சாத்தப்பட்டது. வேனில் திரையைப் பார்த்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வைஃபை தரையோடு தரையாகப் படுத்திருக்க, கைபேசி அலை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச்சாரியில், தெருமுனையில் என்று வேனை நகர்த்தி அளந்தாள். எங்கும் அதே கதைதான்.

பால்கனியில் எடுத்தது, கூடத்தில் எடுத்தது என இரண்டு அளவுகளையும் மறைக்காமல் அனுப்பிவிட்டு, மேலதிகாரியிடம் கைபேசியில் பேசினாள்.

"பங்கு போட்டுக்கலாம் சார். ஆனா வைஃபை பெட்டியை வீட்டுக்கு வெளியே வைக்கக் கூடாதுன்னு நிபந்தனை போட்டே ஆகணும்."

"வெளியே யாரும்மா கொண்டுபோய் வைப்பாங்க?"

"வைப்பாங்க சார். நம்ம மேல பாசம் உள்ளவங்களே வைப்பாங்க."

மறுமுனையில் ஒரு கனைப்பு. "சரி, அந்த நிபந்தனையோட பங்குன்னு நானே கூட்டத்துல சொல்லிடறேன். நீ வந்து உட்காரு, போதும்."

அவள் அன்று முதல் தடவையாக இருக்கையில் முதுகைச் சாய்த்தாள்.

"கிளம்பலாமா மேடம்?" என்றார் ஓட்டுநர்.

"மெதுவாவே போங்க. அவசரமெல்லாம் தீர்ந்துபோச்சு."