வோட் இல்லாத அண்ணை

காசைக் குடுத்துச் சட்டம் வாங்கிற கம்பனிக்காறரை அமெரிக்கா வெளியால துரத்தட்டும், அதுக்குப் பிறகுதான் இந்த மண்ணில கால் வைப்பன் எண்டு நான் சொன்னது என்ர மச்சான் ராஜுவைப் புதைச்ச அண்டைக்கு. வேர்ஜினியாவில, சேமக்காலை வாசலில, எல்லாற்ற முன்னாலயும் சொன்னனான். கோவத்தில வந்த வார்த்தைதான். ஆனா நான் சொன்னால் சொன்னதுதான்.

ராஜு என்ர தங்கச்சி கிளறிற்றாவின்ர புருசன். டொக்டர் ஸ்கான் எடுக்கச் சொல்ல, இன்சூரன்ஸ் கம்பனி தேவையில்லை எண்டு மறுத்துப்போட்டுது. அவள் தன்ர தொகுதி உறுப்பினரிட்டப் போய் அழுதவள். மனுசன் கோப்பி குடுத்து, தோளில தட்டி அனுப்பினவர். பிறகுதான் தெரிஞ்சுது, அவற்ற தேர்தல் செலவில பெரிய பங்கு அதே கம்பனியின்ர காசு எண்டு. ஸ்கான் கிடைக்கிறதுக்குள்ள வருத்தம் முத்திப்போச்சு.

அண்டையிலயிருந்து நான் வாய் மூடேல்லை. லண்டனில, மனோர் பார்க்கில எங்கட வீட்டுக்கு ஆர் வந்தாலும், வடை ஆறமுன்னம் கதை அமெரிக்காவுக்குப் போயிடும். "கம்பனிக்கு வோட் இருக்கோ? இல்லையெல்லோ! வோட் இல்லாதவன்ர காசு தேர்தலுக்குள்ள ஏன் வரவேணும்? அந்தத் தொகுதிச் சனம் ஐஞ்சு பத்தாப் போடட்டும், அரசாங்கம் அதுக்கு மேல கொஞ்சம் போடட்டும், அதோட சரி. பதவி முடிஞ்ச அடுத்த கிழமையே கம்பனியில போய்க் கதிரை பிடிக்கிறவனை வாசலிலயே மறிக்கவேணும்!"

என்ர மனுசி ஷாமளா குசினிக்குள்ளயிருந்து கத்துவா: "இஞ்ச குழாய் ஒழுகுது. முதல்ல அதைத் திருத்துங்கோ, பிறகு அமெரிக்காவைத் திருத்தலாம்."

கிளறிற்றாவை லண்டனுக்கு வந்திடு எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன். அம்மா அப்பா போனாப்பிறகு எனக்கெண்டு இருக்கிற ஒரே ரத்தம் அவள். எங்கட மேல் அறை அவளுக்கெண்டுதான் சும்மா கிடக்குது. ஆரும் படுக்காத கட்டிலுக்கு நான் விரிப்பு மாத்திக்கொண்டிருக்கிறன், விசரன் மாதிரி.

"ராஜு இஞ்சதானே படுத்திருக்கிறார் அண்ணை," எண்டுவாள். "நீங்கள் ஒருக்கா வாங்கோவன்."

நான் மாட்டன் எண்டன். ரெண்டு பேரும் ஒரே வயித்துப் பிள்ளையள், பிடிவாதத்துக்கு ஒரு குறையுமில்லை.

மாசி மாசம் ஒருநாள் போன் எடுத்தாள். "அண்ணை, நான் எலெக்சனில நிக்கிறன். மாநிலச் சட்டசபைக்கு. எனக்குக் கோப்பி குடுத்து அனுப்பினாரே, அந்த மனுசனுக்கு எதிரா. கம்பனிக் காசு ஒரு சதமும் தொடமாட்டன்."

எங்கட ஆக்களுக்கு நல்லதோ கெட்டதோ நடந்தால், கை தன்ர பாட்டில பொக்கற்றுக்குள்ள போகும். செத்தவீடோ சாமத்தியவீடோ, ஒராள் போன் எடுத்தால் காணும். இதுக்கு நான் எடுத்தன். லண்டனுக்குள்ளயே பார்க்கிங் எண்ட ஊரில சித்தப்பாவின்ர பிள்ளையள், எட்மண்டனில மச்சாள்மார், ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. சேர்ந்ததை அப்பிடியே கிளறிற்றாவின்ர கணக்குக்கு அனுப்பிப்போட்டு, கனகாலத்துக்குப் பிறகு நிம்மதியா நித்திரை கொண்டன்.

அந்தக் காசு முழுக்கத் திரும்பி வந்திட்டுது. பின்னாலயே அவளின்ர போனும் வந்துது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. வெளிநாட்டு ஆக்களின்ர காசைத் தேர்தலுக்கு எடுக்கிறது இஞ்ச சட்டப்படி குற்றம்."

"நான் வெளிநாட்டு ஆளோ?"

"நீங்கள்தானே சொல்லுறனீங்கள், வோட் இல்லாதவன்ர காசு உள்ள வரக்கூடாது எண்டு."

"அது கம்பனிக்குச் சொன்னதடி! நான் உன்ர அண்ணன். உன்னைச் சைக்கிள் பாரில ஏத்திப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனவன். நான் உனக்கு வெளியாளோ?"

மெல்லமாச் சொன்னாள். "சட்டத்துக்கு ஓம், அண்ணை."

"அப்ப வெளியாளோட உனக்கென்ன கதை?" எண்டு போட்டு வைச்சிட்டன். அவள் திரும்பத் திரும்ப எடுத்தாள். நான் எடுக்கேல்லை. ஒருநாள் அவளும் விட்டிட்டாள்.

அவள் விட்டாப்பிறகுதான் எனக்கு ஏக்கம் பிடிச்சுது. வேலைக்குப் போற ரெயினில போனைக் கையிலயே வைச்சுக்கொண்டிருப்பன். தெருவில ஆரும் பொம்பிளைப்பிள்ளை "அண்ணை" எண்டு கூப்பிட்டால், என்னை இல்லையெண்டு தெரிஞ்சும் திரும்பிப் பாப்பன். நானே எடுத்துக் கதைச்சிருக்கலாம். எடுத்து என்னத்தைச் சொல்லுறது? அவள் சொன்னது சரி. பிழையெண்டால் சண்டையெண்டாலும் பிடிக்கலாம்.

ஐப்பசியில ஒருநாள் ஷாமளா லப்ரொப்பைக் கொண்டந்து எனக்கு முன்னால வைச்சா. "மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சது காணும். காசுதான் குடுக்கேலாது. சம்பளம் வாங்காமல் வேலை செய்ய வெளிநாட்டு ஆக்களையும் சட்டம் விடுதாம். போன் எடுத்து வோட் கேக்கிற வேலை. வாயாலதானே செய்யிறது, உங்களிட்ட அதுக்கென்ன பஞ்சம்?"

கிளறிற்றாவுக்குச் சொல்லாமல் பதிஞ்சன். வோட்டர் ஒராளின்ர பெயர் திரையில வரும், வாசிக்கவேண்டியது பக்கத்தில கிடக்கும், நான் பொத்தானை அமத்தவேணும். அங்க அவையின்ர போனில கிளறிற்றாவின்ர தேர்தல் அலுவலக நம்பர்தான் விழும். சனம் நல்லா ஏசினது. "எங்கயிருந்து கதைக்கிறாய்?" எண்டு ஒரு கிழவர் கேட்டார். லண்டன் எண்டன். "அங்கயே இரு," எண்டிட்டு வைச்சார். இன்னொரு மனுசி தன்ர புருசனுக்கும் இன்சூரன்ஸ் இப்பிடித்தான் செய்தது எண்டு சொல்லி அழுதா. நானும் அவவோட சேர்ந்து அழுதன். ஆர் ஏசினாலும் பரவாயில்லை, தங்கச்சியின்ர பெயரை நாள் முழுக்க வாயால சொல்லிக்கொண்டிருக்கலாம்.

தேர்தலுக்கு முதல் சனிக்கிழமை பின்னேரம் அடுத்த பெயர் வந்து விழுந்துது: கிளறிற்றா ராஜு.

அவளும் அந்தத் தொகுதி வோட்டர்தானே, எனக்கு அது யோசினையிலயே வரேல்லை. தாண்டிப் போகலாம், அதுக்கும் ஒரு பொத்தான் இருந்தது. பின்னால நிண்ட ஷாமளா குனிஞ்சு பாத்தா.

"அமத்துங்கோ," எண்டா.

"ஹலோ?" களைச்சுப்போன குரல். அலுவலகத்துப் பிள்ளையள் எண்டு நினைச்சிருப்பாள்.

சொந்தமா ஒண்டும் வாயில வரேல்லை. எழுதிக் கிடந்த இங்கிலிசை அப்பிடியே வாசிச்சன். வணக்கம், என்ர பெயர் ஆனந்தராஜா, வேட்பாளர் கிளறிற்றா ராஜுவுக்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்யிறன் எண்டன்.

அடுத்த வரிக்குப் போனன்.

அவ கம்பனிக் காசு வாங்காதவ, தன்ர புருசனை இழந்தவ எண்டு வாசிக்கேக்க நிப்பாட்டிப்போட்டன். ஷாமளா தண்ணியை நீட்டினா. குடிச்சிட்டு மிச்சத்தையும் வாசிச்சன். அவவுக்கு உங்கட வோட்டைத் தருவீங்களோ?

"ஓம்," எண்டாள், தமிழில. "போடுறன்."

இன்னும் ஒரு கேள்விதான் மிச்சம். அது முடிஞ்சால் நன்றி சொல்லி வைக்கவேணும். எனக்கு வைக்க மனமில்லை. எழுத்துக்கூட்டிற சின்னப்பிள்ளை மாதிரி மெதுவா வாசிச்சன்: செவ்வாய்க்கிழமை வோட் போடப் போறதுக்கு, உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரும் தேவையோ?

அவள் விம்மத் தொடங்கினாள்.

"ஓம் அண்ணை, தேவை. தனியப் போக என்னால ஏலாமல் கிடக்கு."

"கம்பனிக்காறர் இன்னும் அங்கதானேயடி இருக்கிறாங்கள்," எண்டன்.

"இருக்கட்டும். நீங்கள் வாங்கோ."

மேல் அறையில ஷாமளா சூட்கேஸ் இறக்கிற சத்தம் கேட்டுது. ஆள் எப்ப மேல ஏறினவ எண்டே தெரியாது. திரையில ஓம், இல்லை எண்டு ரெண்டு பெட்டி நிண்டுது. ஓம் எண்டதை அமத்தினன். கூட்டிக்கொண்டு போறது ஆர் எண்டு கீழ கேட்டிருந்தது. அண்ணை எண்டு எழுதினன்.