பேரிங் வராத பட்டறை

இட்லிக்கடை போட்டிருந்த இடத்தை எழில்மதி தன் கையாலேயே, இடத்துக்குக் காத்திருந்த நாகம்மாளுக்குக் கொடுத்தாள். சுரங்க கேட்டுக்கு எதிரே, ஷிப்டு பஸ் நிற்கிற இடம். அங்கே யாருக்கும் பட்டா கிடையாது, சிட்டா கிடையாது. கடைக்காரிகளுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பிள்ளைப்பேறு, சாவு என்று போனால் இடம் காத்திருக்கும். வேலை கிடைத்துப் போகிறவள் அடுத்தவளுக்கு விட்டுவிட வேண்டும், திரும்பக் கேட்கக் கூடாது. கொஞ்ச நாளைக்கு யாரையாவது கூலிக்கு உட்காரவைத்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் இவளுக்கு வரவில்லை. பட்டறையில் மறுபடி கூப்பிட்டதும், ஏதோ வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டவள் மாதிரி, நாலு பேர் பார்க்க, அடுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சுரங்கத்தில் வெட்டியெடுத்ததைச் சுமக்கும் பெல்ட் ஓடுகிற ரோலர்களுக்கு, அவை சுழல்வதற்கான பேரிங்கை பாலகுமார் பட்டறையில் பல வருஷம் பொருத்தியவள். சீனத்து ரோலர் மலிவாக வந்து இறங்கியதும் பட்டறை படுத்துவிட்டது. வெல்டர்கள் சவூதிக்குப் போனார்கள், இவள் இட்லி ஊற்றப் போனாள். இப்போது வெளிநாட்டுச் சரக்கைத் தடுத்து எல்லாவற்றையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று டெல்லியில் முடிவெடுத்தார்கள். பாலகுமாருக்கு ஆர்டர் வந்தது. அவர் நேரே இவள் கடைக்கு வந்து நின்றார்.

"இனிமே வெளிய இருந்து ரோலர் வராது எழில். நாமதான் செஞ்சாகணும். நீ வந்தாதான் லைன் ஓடும்."

நீ வந்தால்தான் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்?

பூசணிக்காய் உடைத்துப் பட்டறையைத் திறந்தார்கள். குழாய் வந்தது, பெயின்ட் வந்தது, ரோலருக்கு நடுவில் போகும் தண்டுகளையும் லேத்தில் கடைந்தாயிற்று. பேரிங் மட்டும் வரவில்லை. ரோலரைத் தடுத்த அதே உத்தரவு வெளிநாட்டு பேரிங்கையும் தடுத்துவிட, சரக்கு சென்னைத் துறைமுகத்தில் கிடந்தது. உள்நாட்டுக் கம்பெனிகளோ பெரிய ஆட்களுக்கே கொடுத்துத் தீரவில்லை, பிறகு பார்க்கலாம் என்றன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதற்கென்றே டெல்லியில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள் போல.

"ரோலருக்குள்ள பேரிங் இருக்குதுன்னு சட்டம் போட்டவங்களுக்குத் தெரியாதுங்களா சார்?" என்று கேட்டாள் எழில்மதி.

"தெரிஞ்சிருக்கும். தடுத்தா இங்க யாராவது செய்ய ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சிருப்பாங்க." பாலகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒண்ணும் தப்பில்ல. ஆனா அதுக்கு வருஷக்கணக்காகும். நான் அடுத்த மாசம் சரக்குக் கொடுக்கணும்." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், பேரிங் வரும்வரை எல்லாருக்கும் அரைக்கூலிதான் என்றார்.

அவருக்கும் தூக்கம் கெட்டு எத்தனையோ நாளாகியிருக்க வேண்டும். திட்டித் தீர்க்கக்கூட ஆள் கிடைக்காதது எழில்மதிக்கு இன்னும் அலுப்பாக இருந்தது.

மறுநாள் காலை சுரங்க கேட்டுக்குப் போனாள். இடத்தைக் கேட்டுவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் போனாள். கட்டுப்பாடாவது ஒன்றாவது, அரைக்கூலியில் அடுப்பு எரியுமா என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நாகம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே சட்னிப் பாத்திரத்தை மூடி, தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"பட்டறையில வேல இல்லியாமே, சொன்னாங்க. நீ இன்னாம்மா பண்ணுவ, பாவம். எடுத்துக்க. உன் எடந்தான."

சொல்லிவிட்டு மறுபடி தட்டுகளை அடுக்கினாள். கான்ட்ராக்ட் வேலை முடிந்து அவள் புருஷன் வீட்டோடு கிடப்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். எழில்மதி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"ஏன்க்கா அடுக்கிகினு இருக்க? ஜனம் நிக்குது பாரு. எனக்கும் ரெண்டு இட்லி வையி."

நின்றபடியே சாப்பிட்டாள். சாம்பார் தான் வைப்பதைவிட நன்றாக இருந்தது. அதை வாய்விட்டே சொன்னாள். வேண்டாம் வேண்டாம் என்ற நாகம்மாளின் கையில் காசைத் திணித்துவிட்டு, அரைக்கூலிக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.