ரிப்பன் கட்டிய கராம்புக் கன்று

தராசு பொய் சொல்லாது என்று நம்பியதுதான் என்னைப் பிடித்த முஸீபத்து.

அலவத்துகொடையில் வீட்டுக்குப் பின்னால் கராம்புக் கன்றுகள் வளர்த்து விற்கிறோம், நானும் என் கணவர் ஸிபானும். வேறு பிழைப்பு இல்லை. பெப்ரவரி வெயிலில் குழாய் நின்றது, கிணறும் அடிக்குப் போனது. இனி கண்டபடி ஊற்ற முடியாது. கண்டியில் ஒரு வகுப்பில் படித்த முறைப்படி, கன்று நட்ட பைகளில் ஒன்றுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிக் காலையும் மாலையும் தராசில் நிறுத்துப் பார்த்தேன். எடை குறைந்தால் மண் நீரை இழக்கிறது. போதிய அளவு குறைந்த பிறகுதான் எல்லாக் கன்றுகளுக்கும் தண்ணீர்.

ரிப்பன் பை குறையவே இல்லை. மற்றக் கன்றுகளோ வாடத் தொடங்கின.

தண்ணீர் கூடி வேர் அழுகினாலும் இலை தொங்கும், குறைந்தாலும் தொங்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊத்துவமா அஸீமா?" என்று ஸிபான் கேட்டார்.

"தராசப் பாருங்க, ஈரம் அப்பிடியே ஈக்கிது. இன்னும் ஊத்தினா வேர் அழுகிரும்."

மறுநாள் கடைசி வரிசை முழுவதும் தலை சாய்த்தது. மேல்மண் காய்ந்திருந்தது. அடியில் ஈரம் இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. வழக்கமாக அந்த நேரம் உள்ளே தொழுதுகொண்டிருப்பேன். அன்று எனக்கு மாதவிலக்கு, தொழுகையில்லாத நாள்; கன்றுகளுக்கு நடுவே நின்றேன். ஸிபான் தண்ணீர்க் கேத்தலோடு வந்து குந்தி, தொழுகைக்காக முகம் கைகால் கழுவி வுழூச் செய்து முடித்து, மிச்சத் தண்ணீரை ரிப்பன் பையில் பக்குவமாக ஊற்றினார்.

"என்ன செய்றீங்க?"

"மிஞ்சின தண்ணிய வீணாக்கப்படாதுதானே. நீங்க ஆசையா ரிப்பன் கட்டின கண்டெண்டு இதுக்கே ஊத்துற."

"எப்ப ஈந்து?"

"குழாய் நிண்ட நாள் ஈந்து. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும்."

பக்கத்துப் பையைத் தூக்கினேன். வெறும் பிஸ்கட் டின் மாதிரி இலேசாக வந்தது. அவரைத் திட்டுவதா, என்னையே திட்டுவதா? அதற்கும் நேரமில்லை. தண்ணீர்த் தாங்கியைத் திறந்து ஊற்றினோம், ஊற்றினோம். கடைசி வரிசைக்கு வருமுன் தாங்கி வற்றிவிட்டது. கிணறு ஊற விடியவேண்டும்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது கடைசி வரிசையில் உட்கார்ந்து தண்டுகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பட்டைக்குக் கீழே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. முதலாவது பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை, துடைத்துவிட்டுச் சுரண்டினேன். அதற்கடுத்ததில் மெல்லிய பச்சை.

"இதுக்கு உயிரு ஈக்கிது!" என்று கத்தினேன்.

ஸிபான் வுழூவுக்கு நிரப்பி வைத்திருந்த கேத்தலோடு ஓடிவந்தார். முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.

"முழுசையும் ஊத்துங்க. நான் பள்ளியில வுழூ செஞ்சிக்கிற."

கேத்தலை என் கையில் தந்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தபடி பள்ளிவாசல் பக்கம் நடந்தார். நான் அடுத்த தண்டைச் சுரண்டினேன்.