எங்கள் வீட்டுக் கனவு

பதினொன்றாம் வகுப்புக்கு அந்த ஆண்டு துணைப்பாடமாக ஒரு பழைய நாடகம் வைத்திருந்தார்கள். ஆற்றில் ஓடம் விடுகிற ஒரு குடும்பத்தின் கதை. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்போகிறார்கள். பாலம் வரக்கூடாது என்பது அப்பாவின் கனவு. அந்தப் பாலத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்பது மகனின் கனவு. மகளுக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தின் மேல் கண். அம்மாவின் கனவு என்னவென்று மூன்று அங்கம் முடியும்வரை யாரும் கேட்பதே இல்லை. காலத்தை வென்ற நாடகம் என்று முன்னுரை பெருமைப்பட்டுக்கொண்டது. கமருன்னிஸாவின் வகுப்போ கொட்டாவி விட்டது.

1972, ஆடி மாதம். திருத்துறைப்பூண்டி சாலையில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளிக்குக் கமருன்னிஸா தமிழாசிரியையாக வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருபத்தாறு வயது. தினமும் கூத்தாநல்லூரிலிருந்து பஸ். ஊர் முழுக்கக் கூலிப் பிரச்சினை. நடவு நேரத்தில் பாதி வயலில் ஆள் இறங்கவில்லை. சில வயல்களுக்கு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வகுப்பில் வயல்காரர் பிள்ளைகள் ஜன்னல் பக்கமும் கூலிக்காரர் பிள்ளைகள் சுவர்ப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. இதற்கு நடுவில் நின்றுகொண்டு ஓடக்காரர் வீட்டுக் கதையை நடத்துவது அவளுக்குப் பொருந்தாத செருப்பைப் போட்டு நடப்பதுபோல் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. புத்தகத்தை மூடினாள்.

"நோட்டை எடுங்க. 'எங்கள் வீட்டுக் கனவு'. உங்க வீட்ல யாருக்கு என்ன கனவுன்னு எழுதுங்க. கோனார் உரையில இருக்காது. உண்மையா எழுதணும்."

"டீச்சர், மார்க் உண்டா?" என்று ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"உண்மைக்கு உண்டு."

வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்தினாள். இருபது பேருக்கு டாக்டராகி நாட்டுக்குச் சேவை செய்யும் கனவு. சுந்தரியின் நோட்டு வந்தது. சுவர்ப் பக்கத்துப் பெண். அப்பா காத்தான், பெரும் நிலக்காரர் துரைராசு வீட்டுப் பண்ணையாள். 'நாங்கள் குடியிருக்கும் மனை ஐந்து குழி. அதற்குப் பட்டா கிடைக்க வேண்டும் என்பது எங்கள் அப்பாவின் கனவு. அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்.' நாலே வரி. கமருன்னிஸா மறுபடியும் படித்தாள். 'உண்மையாக எழுதியிருக்கிறாய்' என்று சிவப்பு மையில் எழுதினாள்.

அடுத்த நோட்டு தியாகேசனுடையது. துரைராசுவின் ஒரே மகன். வகுப்பில் அதிகம் பேசாத பையன்.

'எங்கள் அப்பாவுக்குத் தூக்கமே வருவதில்லை. அதனால் கனவும் கிடையாது. உச்சவரம்புச் சட்டம் வந்தால் பதினைந்து ஏக்கருக்கு மேலுள்ள நிலம் சர்க்காருக்குப் போய்விடும் என்று பயந்து, இரண்டு வருஷத்துக்கு முன்பு தை மாதம் ஆறு பண்ணையாட்கள் பேரில் ஆளுக்கு ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய ஆறரை ஏக்கர் நிலம், விற்றதாகப் பத்திரம் எழுதினார். சொசைட்டியில் உரம் வாங்க என்று சொல்லி, எழுதாத முத்திரைத்தாளில் அவர்களிடம் கைநாட்டும் வாங்கி வைத்திருக்கிறார். வாய்க்காலை ஒட்டிய வேலி காத்தான் பேரில் இருக்கிறது. காத்தானுக்குத் தெரியாது. வருகிற புதன்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வரும்போது, கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் என்று சொல்லும்படி ஆறு பேரிடமும் அப்பா சொல்லியிருக்கிறார். இதுதான் எங்கள் வீடு.'

கூத்தாநல்லூர் வந்து, பஸ் தாண்டிப்போய், கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினாள். அன்றைக்கு வீட்டில் தட்டைத் தொட்டுத் தொட்டு எழுந்தாள். "என்ன புள்ள, முள்ளு மேலயா உக்காந்திருக்க?" என்றாள் அவள் அம்மா.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் தியாகேசனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இதை எதுக்கு எழுதின தம்பி?"

"நீங்கதானே டீச்சர் உண்மையா எழுதச் சொன்னீங்க."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்லைங்க." தரையைப் பார்த்தபடி சொன்னான். "அந்த நாடகத்துல மகன் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறான். படிக்கிறப்ப ஆத்திரமா வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, நானும் பேசல. சுந்தரி எனக்கு முன்னாடிதான் நடந்து பள்ளிக்கூடம் வருது. ஒரு வேலி அவங்க அப்பா பேர்ல இருக்கு, கால்ல செருப்பு இல்ல. யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு டீச்சர்."

நோட்டைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ள முடியவில்லை. மாலை பள்ளி விட்டதும் தலைமையாசிரியர் கலியபெருமாளிடம் போய்ச் சொல்லிவிட்டாள். நல்ல மனிதர், ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"நாடகம் நடத்தச் சொன்னா நாடகத்த நடத்துங்கம்மா. நீங்க உக்காந்திருக்கீங்களே இந்தக் கட்டடம், துரைராசு குடுத்த மனையில நிக்குது. ஒரு டிக் அடிச்சு மறந்துடுங்க."

"அந்த மனுஷன் பேர்ல நிலம் இருக்கு சார். அவருக்கே தெரியல."

"தெரிஞ்சு? மண்டை உடையும். நீங்க போயா ஆஸ்பத்திரியில உக்காரப் போறீங்க?"

ஆனாலும் சனிக்கிழமை காலை வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

காத்தானின் தெரு ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டி. மூங்கில் பாலத்தில் கால் வைத்தபோது எதிரே வந்த இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். டீச்சர் ஒருத்தி அந்தத் தெருவுக்குள் வந்து அவர்கள் பார்த்ததில்லை. சுந்தரி ஓடிவந்தாள். காத்தான் குடிசைக்கு வெளியே மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். எழுந்து, துண்டால் ஒரு பலகையைத் துடைத்து, "உக்காருங்க டீச்சரம்மா. சுந்தரி ஏதும் தப்புப் பண்ணிடுச்சா?" என்றார்.

வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் அவளுக்கு மறந்துபோயின. தியாகேசன் பெயரைச் சொல்லாமல், பாதியை விழுங்கி, மீதியைக் கொட்டினாள். வாய்க்காலை ஒட்டிய ஒரு வேலி உங்கள் பேரில் இருக்கிறது என்றாள். அவர் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காத்தான் மகளைப் பார்த்தார். சுந்தரி உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சார்பதிவாளர் ஆபீஸ் முத்திரை போட்ட பத்திர நகல்.

"எழுதாத தாள்ல கைநாட்டு வைக்கச் சொன்னப்பவே சந்தேகந்தாங்க," என்றார் காத்தான். "உரத்துக்கு எதுக்குங்க முத்திரைத்தாள்? விவசாயச் சங்கத்து ஆளுங்ககிட்ட சொன்னோம். அவங்க நகல் எடுத்துக் குடுத்தாங்க. இந்தப் பொண்ணுதான் படிச்சு எங்க ஆறு பேருக்கும் சொல்லுச்சு. ஆறு மாசம் ஆச்சு."

கமருன்னிஸா சுந்தரியைப் பார்த்தாள். "அப்ப, அஞ்சு குழி மனைன்னு எழுதினியே?"

"நோட்டு எங்கெல்லாம் போகும்னு தெரியாதுல்ல டீச்சர்," என்றாள் சுந்தரி. "அதான்."

காத்தான் குரலைத் தாழ்த்தினார். "புதன்கிழமை ஆமாம்னு சொல்லச் சொல்லியிருக்காரு. சொல்லத்தான் போறோம். அதுக்கு மேல ஒரு வார்த்தையும் சேத்துச் சொல்லுவோம். அதுவரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா, திங்கட்கிழமையே ஒவ்வொருத்தனையா ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கார்ல ஏத்திக்கிட்டுப் போயி, அந்தக் கைநாட்டுத் தாள்லயே திருப்பி எழுதிப் பதிஞ்சு வாங்கிடுவாரு. ஆறு பேர்ல ரெண்டு பேரு பயந்தவங்க." நிறுத்தினார். "நீங்க இத வேற யார்கிட்டயும் சொல்லலியே?"

தலைமையாசிரியரின் கண்ணாடி ஞாபகம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்பதுபோல் இருந்தது.

"சொல்லிட்டேன்," என்றாள்.

காத்தான் திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்து, காம்பைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். அது அவளுக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் துரைராசுவின் கார் பள்ளிக்கூட வாசலில் நின்றது. தலைமையாசிரியர் அறையில் அவர் உட்கார்ந்திருந்தார், கலியபெருமாள் நின்றுகொண்டிருந்தார். எதையும் மறைத்து வைத்துக்கொண்டு அந்த நல்ல மனிதரால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தாண்ட முடியவில்லை.

"டீச்சரம்மா, என் பையன் ஏதோ கதை எழுதியிருக்கானாம். பாக்கலாமா?" துரைராசு மரியாதையாகத்தான் கேட்டார்.

நோட்டு அவள் பையில் இருந்தது. வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் சந்தேகம் வலுக்கும். புதனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நோட்டை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தியாகேசன் சொன்னது நெஞ்சில் குத்தியது.

அவர் படித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இத வகுப்புல வாசிச்சீங்களா?"

"இல்லைங்க."

"காத்தான் மக அதே வகுப்புதானே? அதுகிட்ட?"

"எதுக்குங்க சொல்றேன்? அந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கு பாருங்க." சுந்தரியின் நோட்டைத் தேடி எடுத்தாள். "பையன் நாடகத்தப் படிச்சுட்டுக் கற்பனையா எழுதியிருக்கான்னுதான் நான் நெனச்சேன். சாரும் அப்படித்தான் சொன்னாரு."

துரைராசு அந்த நாலு வரியைப் படித்தார். கீழே சிவப்பு மையில் இருந்ததையும் படித்தார். முதலில் மூச்சுத்தான் வந்தது, பிறகு சிரித்தார். "அஞ்சு குழி," என்றார். "போதும் அவனுக்கு." தியாகேசனின் நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

தியாகேசன் அன்று வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. செவ்வாய் மாலை கலியபெருமாள் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "பையனுக்கு டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க. திருச்சியில ஹாஸ்டல். நல்லா அடி போலருக்கு, கண்ணு வீங்கி இருந்துச்சு."

புதன்கிழமை விசாரணை பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. கமருன்னிஸா போகவில்லை. அன்று மூன்றாம் அங்கம் நடத்த வேண்டும். ஒரே வரியை மூன்று தடவை வாசித்துவிட்டு, பிள்ளைகளைத் தாங்களே படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றாள். சுவர்ப் பக்கத்தில் சுந்தரியின் இடம் காலியாக இருந்தது.

அங்கே நடந்ததை மறுநாள் சுந்தரிதான் சொன்னாள். ஆபீசர் பத்திரத்தைப் படித்து, "இந்த நிலத்தை நீ கிரயம் வாங்கினது உண்மையா?" என்று கேட்டாராம். "உண்மைங்க," என்றாராம் காத்தான். துரைராசு தலையாட்டிக்கொண்டிருந்தாராம். அடுத்த ஆளைக் கூப்பிட ஆபீசர் வாயெடுக்கும்போது, காத்தான் நகலை மேஜையில் வைத்துவிட்டு, "என் நிலந்தாங்க. ரெண்டு வருஷமா நிலவரிக் கிஸ்தி ரசீது மட்டும் அய்யா பேர்ல போட்டுட்டாங்க. பட்டாவ என் பேருக்கு மாத்திக் குடுங்க. இந்தச் சம்பாவுக்கு நானே நடப்போறேன். இத எழுதிக்குங்க," என்றாராம்.

"துரைராசு என்ன பண்ணினார்?"

"எந்திரிச்சாரு டீச்சர். விக்கலைன்னு சொன்னா ஆறு வேலியும் உச்சவரம்புல சர்க்காருக்குப் போயிரும். வித்தேன்னு சொன்னா எங்களுக்கு. வாயத் தொறந்து தொறந்து மூடினாரு. அப்புறம் உக்காந்துட்டாரு."

ஆறு பேரில் நாலு பேர் அதே வார்த்தையைச் சொன்னார்கள். பயந்த இரண்டு பேரும் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து வெளியே போனார்கள். அவர்கள் வேலிகள் பழையபடி துரைராசு கையிலேயே இருந்தன. வழக்கு வந்தது. காத்தானுக்கு ஒரு தடவை கை முறிந்தது. ஆனால் புரட்டாசியில், போலீஸ் வரப்பில் நிற்க, வாய்க்காலை ஒட்டிய வயலில் அவருடைய ஆட்கள் நாற்று நட்டார்கள். சுந்தரி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. லீவு லெட்டரில் காரணம் 'எங்கள் வயலில் நடவு' என்று இருந்தது.

அதே மாதக் கடைசியில் கமருன்னிஸாவுக்குத் தாராசுரம் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. யார் செய்த வேலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

புது ஊரிலிருந்து தியாகேசனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாலு தடவை கிழித்து எழுதினாள். நடவு நடந்ததைச் சொன்னாள். நோட்டை ஏன் கொடுத்தாள் என்பதைச் சொன்னாள். நீ எழுதியிருக்காவிட்டால் என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் அடித்தாள். திருச்சி ஹாஸ்டல் விலாசத்துக்குப் போட்டாள். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிள் பள்ளிக்குள் வரும்போது, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிற கை அவளை அறியாமல் நின்றுவிடும். பதில் வரவில்லை. மார்கழியில் இன்னொரு கடிதம் எழுதினாள்.