வழியனுப்பிய தெரு

தெருக் கேமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது. இத்தனை வம்பும் அதனால்தான் வந்தது.

நோய்க்காலம் ஓய்ந்த பிறகு, 'நாம் இப்படிப்பட்டவர்கள்' என்று ஒரு தொடர் எடுக்க டிவிக்காரர்கள் முடிவு செய்தார்கள். நேயர்கள் அனுப்பும் படங்களை வெட்டி ஒட்டுவது எடிட்டரின் வேலை. அன்று ஒரு குடியிருப்போர் சங்கம், தங்கள் தெருக் கேமராவில் பதிவான படம் ஒன்றை அனுப்பியிருந்தது. 'எங்கள் தெரு நர்ஸுக்குத் தந்த வழியனுப்பு' என்று பெருமையாக எழுதியும் இருந்தார்கள். இருபுறமும் மாடிகளில் ஆட்கள், முகக்கவசங்கள், தூக்கிய கைகள். நடுத்தெருவில் ஒருத்தி, சக்கரம் உடைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறாள்.

எடிட்டர் படத்தை அங்கேயே நிறுத்தினான். போகிறவள் அவனுடைய அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து நோயைக் கொண்டுவந்துவிடுவாள் என்று தெருவே கூடி அவளை விரட்டிய நாள் அது. தெருமுனைத் தடுப்புக்கு வெளியே வண்டியோடு நின்றவன் இவன்தான். மாடிகளிலிருந்து விழுந்த ஒவ்வொரு வசவையும் காதாரக் கேட்டவன். கவசத்துக்குள் இருந்த வாய்கள் படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் எட்டிப் பார்த்தார். "அருமையா இருக்குப்பா. கைதட்டல் சத்தம் போட்டு முதல்லயே வெச்சுடு. நாம யாருன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

கெட்ட மனுஷர் இல்லை. பெற்ற அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியாமல் போனவர். அந்த நாட்களிலிருந்து நல்லதாக எதையாவது எடுத்து வைத்துக்கொள்ள அவருக்கும் ஆசை, பாவம்.

அவர் நகர்ந்ததும் எடிட்டர் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். "அவங்க மானத்த வாங்காம விடமாட்டேன்க்கா. நடந்தத நடந்தபடியே சொல்லுவோம். நீ சரின்னு மட்டும் சொல்லு."



"கைதட்டலே போடு" என்றாள் அக்கா.

"உனக்கென்ன கிறுக்கா?"

"வீட்ட ஏன் காலி பண்ணினேன்னு அம்மா அப்ப போன்ல குடைஞ்சாங்கடா. ஆஸ்பத்திரி விடுதியிலயே தங்கச் சொல்லிட்டாங்க, தெருவே நின்னு கைதட்டி அனுப்பிச்சுதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது? இன்னிவரைக்கும் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அதையே சொல்லிப் பூரிச்சுப்போறாங்க. அதுல கைவைக்காத."

"அப்ப நீ பட்டது?"

"நான் பட்டது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். போதும்."

கோபம் இறங்கிப்போய் அவனுக்கு அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய சத்தங்களைத் துழாவினான். ஏதோ பாட்டுப் போட்டிக்குப் பதிவுசெய்த கைதட்டல் ஒன்று அகப்பட்டது. அதைப் படத்தோடு சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தான். ஊரே கொண்டாட, அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தான்.